உது எவ்வளவு நேரம் மேல நிக்கும்?

2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட அந்த நான்கு நாட்களும் கொழும்பு வெள்ளவத்தையில் பேச்சென்றால் விமானப் பேச்சுத்தான். சலூனில், தேத்தண்ணிக் கடையில், கோயில் வீதியில், குடும்ப வட்ஸ்அப் குழுவில், எங்கும் இந்தியாவின் ரபால் திறமா பாகிஸ்தானின் ஜே-10சி திறமா என்ற வாதம். இத்தனை விமானங்களை வீழ்த்தினோம் என்று பாகிஸ்தான் ஒரு கணக்குச் சொன்னது. இழப்பு இருந்தது என்பதை இந்தியாவின் முப்படைத் தலைமைத் தளபதி மாதக் கடைசியில்தான் ஒப்புக்கொண்டார், எண்ணிக்கையைச் சொல்லவில்லை. அந்த இடைவெளி முழுவதையும் யூரியூப் நிரப்பியது. கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல ஆட்கள் ஸ்கோர் கேட்டார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆயுதங்களைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை, பேசத்தான் வேண்டும். வல்லரசுகள் முட்டிக்கொள்ளும் கடலின் நடுவில் குடியிருக்கும் நாங்கள் பேசாமல் வேறு யார் பேசுவது? ஆனால் தூரம், வேகம், விலை என்ற மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த மூன்றையும் முழுதாகத் தெரிந்துகொண்ட பிறகும் ஒன்றும் தெரியாத மாதிரியே இருக்கிறது. ஏன் அப்படி என்று பல மாதம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் மகனுக்குப் பதினேழு வயது. சீனத்துப் பிஎல்-15 ஏவுகணை, பிரம்மோஸ், எஸ்-400 எல்லாம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. அந்த நாட்களில் ஒரு பின்னேரம் அவன் என்னிடம் கேட்டான்: "மாமா, எங்கட நாட்டிட்ட என்ன இருக்கு?" சும்மா கேட்டான். நான் சும்மா பதில் சொல்ல விரும்பவில்லை, இருவருமாகத் தேடினோம். வானத்தில் பார்த்தால், 1996 முதல் இஸ்ரேலிடம் வாங்கிய கிபிர் போர் விமானங்கள். அவற்றில் ஐந்தைப் புதுப்பிக்க 2021இல் 5 கோடி டொலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த வருடம் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாடு இது. கடலில் பார்த்தால், கஜபாகு, விஜயபாகு, பராக்கிரமபாகு என்று ராசாக்களின் பெயர்கள். கஜபாகு 1968 முதல் அமெரிக்கக் கரையோரக் காவல்படையில் ஷெர்மன் என்ற பெயரோடு ஓடிய கப்பல், வியட்நாம் போரைக் கண்டது. விஜயபாகுவும் அதே படையில் டக்ளஸ் மன்றோவாக இருந்தது. பராக்கிரமபாகு சீனக் கடற்படை கழித்துக் கொடுத்த தொங்லிங். சயுர, இந்தியாவின் சரயு. சயுரலவும் சிந்துரலவும் கோவாவில் புதிதாகக் கட்டியவை. கரையோரக் காவலுக்கு யப்பான் 2018இல் இரண்டு ரோந்துக் கப்பல்கள் கொடுத்தது. பட்டியலைப் பார்த்த மருமகன், "எல்லாரும் தந்திருக்கினம்" என்றான். சீனாவும் மற்ற மூன்று நாடுகளும் ஒன்றையொன்று சந்தேகிக்கும் நாடுகள், நான்கின் கப்பல்களும் ஒரே தீவின் கடலில் ஓடுகின்றன. அதோடு என் பதில் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சின்னம்மா பக்கத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். மருமகன் அடுத்த காணொளிக்குத் தாவியிருந்தான். அமெரிக்கத் தயாரிப்பான எம்கியூ-9பி ஆளில்லா விமானம், 2024 ஒக்டோபரில் இந்தியா 31 வாங்க ஒப்பந்தம் செய்தது. அதில் 15 கடற்படைக்கு. அதற்கு முன்பே வாடகைக்கு எடுத்த இரண்டை 2020இலிருந்து அரக்கோணத்தில் வைத்து இந்து சமுத்திரத்துக்கு மேலே பறக்கவிட்டார்கள். சின்னம்மா திரையை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உது எவ்வளவு நேரம் மேல நிக்கும்?"

"முப்பது மணித்தியாலத்துக்கு மேல நிக்குமாம், அம்மம்மா."

"எங்களுக்கு மேல நிண்டது அவ்வளவு நேரம் நிக்காது. எண்ணெய் முடியப் போயிடும். போக மற்றது வரும். அந்த மாறுற இடைவெளிக்குள்ளதான் அடுப்பு மூட்டுறது."

"அது சுடுமா?"

"அது எங்க சுட்டது? அது பாத்துச் சொல்லும். சுடுறது வேற ஆக்கள்."

## வண்டு

சின்னம்மா 2009 வரை வன்னியில் இருந்தவர். விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை என்று நகர்ந்து நகர்ந்து கடைசியில் முகாமுக்கு வந்து, பிறகு எங்களிடம் வந்தவர். அந்தக் காலத்தைப் பற்றி அவராகப் பேசுவது குறைவு. அன்றைக்குப் பேசினார், அதுவும் அழுகையோ கோபமோ இல்லாமல், தொழில் தெரிந்த ஒருவர் தொழிலைப் பற்றிச் சொல்லும் குரலில். வண்டு என்று சனம் சொல்லும் அந்த ஆளில்லா விமானம் மேலே நிற்கும்போது வெள்ளைத் துணி காயப்போடக் கூடாது. ஈரவிறகு புகையும், காய்ந்த பனைமட்டைதான் எரிக்க வேண்டும். கூட்டமாக நிற்கக் கூடாது, தண்ணீர் எடுக்கப் போனாலும் இரண்டு பேர் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். தறப்பாளின் நீலம் தெரியாமல் மேலே ஓலை போட வேண்டும். பதுங்குகுழிக்கு வெட்டிய புதுமண் மேலிருந்து பார்த்தால் தெரியும் என்பதால் அதையும் பரப்பி மூட வேண்டும். கிபிர் வந்தால் பயம் ஐந்து நிமிடம், குண்டைப் போட்டுவிட்டுப் போய்விடும் என்றார். வண்டு போகாது. அது நிற்கிற நேரத்தில் விழும் செல் பிசகாமல் விழும்.

அவர் சொல்லி முடித்துவிட்டு முருங்கையிலைக்குத் திரும்பிவிட்டார். எனக்குத்தான் அந்தக் கேள்வி போகவில்லை. எத்தனையோ ஆயுதக் காணொளிகள் பார்த்த எங்கள் வீட்டில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு வெடிக்கும் என்று அவர் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் என்று கேட்டார். கீழே இருந்தவருக்குத் தெரியும், கொல்லும் கருவி கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன் ஒருவர் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், கண்டதை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டும், சொல்லும்வரை கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு செக் நாட்டிலிருந்து வாங்கிய பல்குழல் பீரங்கி 40 ரொக்கட்டுகளை அடுத்தடுத்து விடும். எங்கே விடுவது என்று பார்த்துச் சொல்ல ஆளில்லாவிட்டால் அது குருட்டடி. இஸ்ரேல் தயாரித்த சிறிய ஆளில்லா விமானங்கள்தான் அதற்கும் கண்ணாயின.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். பார்வை கூர்மையானால் போரில் பொதுமக்கள் தப்புவார்கள் என்று ஆயுதம் விற்கிறவர்கள் சொல்கிறார்கள். ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கை, அரசே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடங்கள்மீது பெருமளவு செல்வீச்சு நடந்ததற்கு நம்பகமான குற்றச்சாட்டுகள் இருப்பதாகச் சொன்னது. மேலே கண் இருந்த காலம் அது. என்ன தெரிந்தது என்பது ஒரு விடயம், தெரிந்ததை வைத்து என்ன செய்யத் தீர்மானித்தார்கள் என்பது வேறு விடயம். இரண்டாவதைக் கருவி தீர்மானிப்பதில்லை. ஆகவே "துல்லியமானது" என்ற சொல்லோடு எந்த நாடு எதை விற்றாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

## கடலுக்கு அடியில்

சின்னம்மாவின் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு கொழும்பின் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களைத் திரும்பப் பார்த்தேன். வேறு ஒரு வரலாறு தெரிந்தது. 2014 செப்டெம்பரிலும் நவம்பரிலும் சீன நீர்மூழ்கி கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து நின்றபோது டில்லி கொதித்தது நினைவிருக்கும். 2022 ஓகஸ்ட் 16ஆம் திகதி யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்ததும் நினைவிருக்கும். செய்மதிகளையும் ஏவுகணைகளையும் பின்தொடரும் கப்பல் அது, அதில் ஒரு பீரங்கியைக்கூட யாரும் காட்டிப் பயமுறுத்தவில்லை. அதற்கு முதல்நாள், ஓகஸ்ட் 15, இந்தியா கட்டுநாயக்கவில் ஒரு டோனியர் 228 கடல் கண்காணிப்பு விமானத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது. எரிபொருளுக்கு கியூஆர் அட்டையோடு நாங்கள் வரிசையில் நின்ற மாதம். இரண்டு வல்லரசுகளும் அந்த மாதத்தில் இங்கே கொண்டுவந்தவை இரண்டும் பார்க்கும் கருவிகள். எங்கள் தொலைக்காட்சி விவாதங்களில் இதை ஒருவரும் கவனித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

அதைவிட முக்கியமானது 2023 ஒக்டோபரில் கொழும்புக்கு வந்த ஷி யான் 6. இது ஆராய்ச்சிக் கப்பல். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் காக்கைதீவில் இருக்கும், கடல்வளத்தை ஆராயும் அரச நிறுவனமான நாராவோடு சேர்ந்து மேற்குக் கரைக்கு அப்பால் ஆய்வு செய்தது. மீன்வளம், கடல்நீரின் வெப்பம், உப்பு என்று சொன்னார்கள். வெப்பமும் உப்பும் தானே, அதில் என்ன இராணுவம் என்று கேட்டவர்கள் உண்டு. அதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் கடலின் மேல்மட்ட நீர் 28 பாகை செல்சியஸ் அளவில் சூடானது. கொஞ்சம் கீழே போனதும் வெப்பம் சட்டென்று இறங்குகிறது. ஒலி சூடான நீரில் வேகமாகவும் குளிர்ந்த நீரில் மெதுவாகவும் போகும், அதனால் அந்த இடத்தில் கீழ்நோக்கி வளையும். மேலே ஓடும் போர்க்கப்பலின் சோனார் (ஒலியை வைத்து நீருக்கடியில் தேடும் கருவி) அனுப்பும் ஒலி அப்படி வளைந்துபோக, அது எட்டாத நிழல் பிரதேசம் ஒன்று உண்டாகும். நீர்மூழ்கி அந்த நிழலுக்குள் ஒளியும். நாள் முழுதும் வெயில் பட்ட கடலில் பின்னேரமானால் சோனார் எட்டும் தூரம் குறைவதை அமெரிக்கக் கடற்படை 1930களிலேயே கவனித்துவிட்டது. எங்கள் தெற்குக் கரைக்கு அப்பாலோ நிலைமை இன்னும் சிக்கல். வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீரும் அரபிக் கடலின் உப்புக் கூடிய நீரும் பருவக்காற்றோடு வருடத்தில் இரு தடவை திசைமாறி அங்கே கலக்கின்றன. அந்தக் கலப்பை எந்த மாதத்தில், எந்த ஆழத்தில், எப்படி என்று அளந்து வைத்திருப்பவரின் நீர்மூழ்கி எங்கே ஒளிவது என்று தெரிந்து ஓடும், எதிரியின் நீர்மூழ்கி எங்கே ஒளிந்திருக்கும் என்றும் ஊகிக்கும். தேவேந்திரமுனைக்குச் சற்றுத் தெற்கே உலகின் பெருங்கப்பல் பாதை ஓடுகிறது. வெப்பமானியும் உப்புமானியும் ஏன் போர்த் தளபாடம் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

அதே அளவீடு மீனவருக்கும் வேண்டியது. கெலவல்லா, சூரை போன்ற மீன்கள் எந்த ஆழத்தில் திரியும் என்பது அந்த வெப்ப அடுக்கு எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. மாதக்கணக்கில் நெடுநாள் படகில் போகிறவர் டீசலை எரித்துத் தேடுவதை ஒரு நல்ல வரைபடம் பாதியாகக் குறைக்கலாம். ஒரே தரவுதான். பீஜிங்கிலும் டில்லியிலும் வொஷிங்டனிலும் அது நீர்மூழ்கிக்குப் போகிறது, நீர்கொழும்பில் அது மீன்பிடிக்குப் போயிருக்க வேண்டும்.

யாருக்கு இந்தக் கடலை அளக்க உரிமை என்ற கேள்வியில் வல்லரசுகள் பேசும் சட்டம் எனக்கு ஆத்திரத்தை மூட்டுகிறது. 2009 மார்ச்சில், வன்னியில் சனம் மாத்தளன் மணலுக்குள் இருந்த அதே மாதத்தில், சீனாவின் ஹைனான் தீவுக்குத் தெற்கே அமெரிக்காவின் இம்பெக்கபிள் என்ற கண்காணிப்புக் கப்பலைச் சீனப் படகுகள் மறித்தன, அது இழுத்துச் சென்ற சோனார் தொடரைப் பிடிக்கப் பார்த்தன. எங்கள் பொருளாதார வலயத்துக்குள் (கரையிலிருந்து 200 கடல்மைல் வரையான கடல்) எங்கள் அனுமதியில்லாமல் அளக்கக் கூடாது என்றது சீனா. அது திறந்த கடல், அளப்பது எங்கள் சுதந்திரம் என்றது அமெரிக்கா. இன்று சீனக் கப்பல்கள் இந்து சமுத்திரத்தை வரிவரியாக அளக்கின்றன, இந்தியா ஆட்சேபிக்கிறது, அமெரிக்காவும் கவலை தெரிவிக்கிறது. அதே அமெரிக்காவின் ஜோன் போல் ஜோன்ஸ் என்ற போர்க்கப்பல் 2021 ஏப்ரலில் லட்சத்தீவுக்கு அருகே இந்தியாவின் பொருளாதார வலயத்துக்குள் அனுமதி கேளாமல் போய், கேட்கவில்லை என்று அறிக்கையும் விட்டது. கரையில் நிற்கும்போது ஒரு சட்டம், கப்பலில் நிற்கும்போது இன்னொரு சட்டம். 1982ஆம் ஆண்டுக் கடற்சட்டச் சமவாயத்தின் 246ஆம் உறுப்புரை, பொருளாதார வலயத்தில் விஞ்ஞான ஆய்வுக்குக் கரையோர நாட்டின் சம்மதம் வேண்டும் என்கிறது. 249ஆம் உறுப்புரை ஆய்வில் பங்குபற்றவும் தரவைப் பெறவும் எங்களுக்கு உரிமை தருகிறது. எங்களைப் போன்ற நாடுகளுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் இந்த இரண்டு உறுப்புரைகளும்தான் என்பது என் எண்ணம்.

அந்த ஆயுதத்தை நாங்கள் எப்படிப் பிடித்தோம்? 2024 ஜனவரி முதல் ஒரு வருடத்துக்கு எந்த வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பலும் வேண்டாம் என்றார்கள். டில்லிக்கு ஆறுதல். சீனாவின் சியாங் யாங் ஹொங் 3 அடுத்த மாதமே மாலைதீவுக்குப் போனது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு வருட மௌனம். கதவைச் சாத்துவது கொள்கையாகாது. அளக்கிறவர் அளப்பார், அனுமதி கொடுத்திருந்தால் பங்கு கேட்டிருக்கலாம்.

## தந்தவரின் கண்

இரவல் கண்களைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். டோனியரை ஒரு வருடம் கழித்துப் பராமரிப்புக்காக இந்தியா திருப்பி எடுத்து, 2023 ஓகஸ்டில் வேறொன்றைக் கொடுத்தது. எங்கள் விமானிகள் ஓட்டுகிறார்கள், தொழில்நுட்ப மேற்பார்வைக்கு இந்தியக் குழு நிற்கிறது. 2024 ஒக்டோபரில் அமெரிக்கா 1 கோடி 90 லட்சம் டொலர் பெறுமதியான கிங் எயார் கண்காணிப்பு விமானத்தைக் கொடுத்தது. 2024 ஜூனில் திறக்கப்பட்ட கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் 60 லட்சம் டொலர் இந்திய நன்கொடை, பெங்களூரின் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் அமைத்தது. கொழும்பில் கடற்படைத் தலைமையகத்தில் மையம், அம்பாந்தோட்டையில் துணைமையம், காலி, அறுகம்பே, மட்டக்களப்பு, திருகோணமலை, பருத்தித்துறை, முள்ளிக்குளம் எனத் தீவைச் சுற்றி ஆளில்லா நிலையங்கள். முள்ளிக்குளம் என்ற பெயரைப் படித்ததும் நான் நின்றுவிட்டேன். 2007இல் சனத்தை எழுப்பிவிட்டுக் கடற்படை அமர்ந்த மன்னார்க் கிராமம் அது. போராடித்தான் 2017இல் ஒரு பகுதியை மீட்டார்கள். ஊர்ச்சனம் தங்கள் வளவைப் பார்க்க முடியாத இடத்திலிருந்து கருவிகள் கடலைப் பார்க்கின்றன.

மீட்பு நிலையம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் தேடுதல் மீட்புப் பொறுப்புப் பிரதேசம் நிலப்பரப்பைப் போல ஏறக்குறைய 27 மடங்கு, அதற்குள் படகு உடைந்து தவிப்பவர்கள் எங்கள் ஆட்கள். 60 லட்சம் டொலரில் தீவு முழுவதற்கும் மீட்புக் கண் வைக்கலாம் என்றால், கிபிர் ஐந்துக்கு ஒதுக்கிய 5 கோடியில் எட்டுத் தடவை வைத்திருக்கலாம். நாங்களே வைத்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். தந்தவரின் கண் தந்தவருக்கு வேண்டியதைத்தான் முதலில் பார்க்கும். இந்தியா தந்தது சீனக் கப்பலைக் காணும். பாக்கு நீரிணையில் இரவில் மடியை இழுக்கும் இந்திய றோலரைப் பற்றிப் பருத்தித்துறை மீனவர் முறையிடும்போதும் அது அதே அக்கறையோடு காணுமா? சீனா தரும் கருவி எதுவாயினும் அது பீஜிங்கின் கப்பலைப் பற்றி எங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அமெரிக்கா தந்தது இந்து சமுத்திரத்தில் அதன் இராணுவத் தளம் இருக்கும் டியாகோ கார்சியாவிலிருந்து என்ன புறப்படுகிறது என்று எங்களிடம் சொல்லாது.

கொழும்புக்கு இது புதுப் பாடமும் இல்லை. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து கிளம்பிய கனடிய விமானப்படையின் கட்டலீனா விமானம், தெற்கே யப்பானியக் கப்பற்படையைக் கண்டு, சுட்டு வீழ்த்தப்படும் நேரத்துக்குள் செய்தியை அனுப்பிவிட்டது. விமானி லெனார்ட் பேர்ச்சோலை இலங்கையின் இரட்சகன் என்றார்கள். செய்தி ஒரு நாள் முன்னதாகக் கிடைத்திருந்தும், மறுநாள் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, யப்பானிய விமானங்கள் இரத்மலானைக்கு மேல் வந்தபோது பிரித்தானிய ஹரிக்கேன்கள் நிலத்தில்தான் நின்றன. துறைமுகத்தில் ஹெக்டர், டெனெடொஸ் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. தங்கள் கப்பற்படையின் பெரும்பகுதியை பிரித்தானியர் முன்கூட்டியே வெளியே எடுத்திருந்தார்கள். நகரத்துச் சனத்தை யார் எடுப்பது? அங்கொடை மனநல மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. கண் அவர்களுடையது, செய்தியும் அவர்களுடையது, கீழே இருந்தது நாங்கள்.

83 வருடம் கழித்து அதே ஏப்ரல் 5ஆம் திகதி, 2025இல், இந்தியப் பிரதமர் கொழும்பில் இருக்கும்போது இலங்கையும் இந்தியாவும் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. திகதி தற்செயலானது. கையெழுத்தான அன்று அதன் முழு உரையை மக்கள் முன் வைக்காததைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. எந்த நாட்டோடும் ஒப்பந்தம் வேண்டாம் என்பவன் அல்ல நான், சுமார் 30 கிலோமீற்றரில் இருக்கும் அயலவரைப் பகைத்துக்கொண்டு இந்தத் தீவில் யாரும் வாழ முடியாது. ஆனால் இந்தக் கருவிகள் கண்டதை யார் சேமிக்கிறார், எந்தக் கணினியில் சேமிக்கிறார், யாருக்குக் கொடுக்கிறார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் கடலில் எந்தக் கொடியோடு வந்து அளந்தாலும் முழுத்தரவின் பிரதி காக்கைதீவில் நாராவுக்கு வரவேண்டும். மீனவருக்குப் பயன்படும் பகுதி சிங்களத்திலும் தமிழிலும் துறைமுகங்களுக்குப் போகவேண்டும். ஆழ்கடலுக்குப் போகக்கூடிய ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று நாராவுக்கென்று வேண்டும். கிபிருக்கு ஒதுக்கத் தெரிந்த திறைசேரிக்கு இதற்கும் ஒதுக்கத் தெரியும். இவற்றுக்கெல்லாம் முன்னால், ஏப்ரல் 5இல் கையெழுத்தானதில் தரவுப் பகிர்வைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள், தமிழ் உறுப்பினர்களும் சேர்த்துத்தான், சபையில் எழுந்து கேட்கவேண்டும். பதில் வரும்வரை ஒவ்வொரு அமர்விலும் கேட்கவேண்டும்.